தாவூத் பாய் காரில் பாடிய கொசு

போன மாதம், நான் வேலை பார்த்த நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். புதிதாக வரும் மின்சாரக் கார்கள் சிலவற்றில் மத்திய அலை வானொலியே கிடையாதாம், பண்பலை மட்டும்தானாம். ஏன் என்று கேட்டேன். மோட்டாரை ஓட்டும் மின்சுற்று மத்திய அலையில் பயங்கரமாக இரைகிறதாம். அடக்கிப் பார்த்தார்களாம், கட்டுப்படியாகவில்லையாம். ஆகவே மத்திய அலையையே எடுத்துவிட்டார்களாம்.

முப்பத்து மூன்று வருடம் நான் வானொலியிலிருந்து இரைச்சலை எடுக்கப் பாடுபட்டேன். இரைச்சலை விட்டுவிட்டு வானொலியை எடுத்துவிடலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவ்வளவுதான் எங்கள் படிப்பு.

"உங்க காலத்துல இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு ஒரு கட்டுரை எழுதித் தாங்க சார். நம்ம மாத இதழ்ல போடலாம். ரெண்டு பக்கம். கொஞ்சம் சுவாரசியமா" என்றார் அந்தப் பெண். இரண்டு பக்கத்துக்கும் சுவாரசியத்துக்கும் என்னால் உறுதி சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மின்னணுவியலில் பட்டயம், ஆவடியில் வாடகை அறை, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கார்களைப் பழுதுபார்க்கும் ஒரு பெரிய பணிமனையில் வேலை, மாலைக் கல்லூரியில் இன்னொரு பட்டம். முதல் இரண்டு வருடமும் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் வருடம் ஒருவர் தன் காரில் வானொலி கரகரக்கிறது என்று வந்து நின்றார். பணிமனையில் மின்னணுவியல் படித்தவன் ஒருவன் இருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் மற்றவர்களுக்கு நினைவு வந்தது. அதன் பிறகு கரகரக்கிற கார்கள் எல்லாம் என் பக்கம் திருப்பிவிடப்பட்டன.

எனக்கு மேலாளராக வாய்த்தவர் வரதராஜன். ஒல்லியான மனிதர், அரைக்கை வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு வண்டியைப் பற்றிப் பேசப் போனால் முதலில் நாற்காலியைக் காட்டுவார். பிறகு வண்டியின் குறையும் செய்த வேலையும் எழுதிய ஜாப் கார்டை வாங்கி முன்பக்கம் முழுவதையும் படிப்பார், திருப்பிப் பின்பக்கத்தையும் படிப்பார். பெரும்பாலான கார்டுகளில் பின்பக்கம் காலியாக இருக்கும். காலிப் பக்கத்தையும் அதே நிதானத்தோடு பார்ப்பார். நாம் உட்கார்ந்திருப்போம். கடைசியில் ஒரே ஒரு கேள்வி வரும்: "இது நீங்க காதால கேட்டதா, யோசிச்சு எழுதினதா?" அந்தக் கேள்விக்குப் பயந்தே பாதி வண்டிகளை நாங்கள் ஒழுங்காகப் பார்த்தோம்.

இரைச்சலுக்குப் பெயர் வைக்காமல் வண்டியில் கை வைக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பெயர்கள் எல்லாம் சமையலறையிலிருந்து வந்தவை. விடாமல் எண்ணெய் பொரிகிற மாதிரி இருந்தால் 'வடை'. பெரும்பாலும் ஸ்பார்க் பிளக், அதன் ஒயர்கள். வண்டியின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால் 'விசில்', ஆல்டர்னேட்டர். எப்போதாவது படபடவென்று வெடித்து அடங்கினால் 'தாளிப்பு'. எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது. ஜாப் கார்டில் அதற்கென்று ஒரு கட்டமே உண்டு. வெளியூரிலிருந்து தணிக்கைக்கு வந்த அதிகாரி ஒருவர் ஒரு கார்டில் 'வடை, இரண்டு நாளாக' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, கேன்டீன் கணக்கு இங்கே எப்படி வந்தது என்று கேட்டார்.

பெயர் வைத்த பிறகு நடைமுறை. வண்டியைக் கூரைக்கு அடியிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். பணிமனைக்குள் வெல்டிங் பொறியும் விளக்குகளும் போடுகிற கூச்சலில் நல்ல வண்டியும் நோயாளியாகிவிடும். பின்புறத் திடலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, வானொலியை மட்டும் போட்டுக் கேட்க வேண்டும். பிறகு எஞ்சினைப் போட்டு, ஆக்ஸிலேட்டரை மெதுவாக மிதித்துக் கேட்க வேண்டும். அடுத்து ஒலியைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வர வேண்டும். அப்போதும் இரைந்தால் கோளாறு ஸ்பீக்கர் ஒயர் பக்கம். ஒலியோடு சேர்ந்து இரைச்சலும் அடங்கினால், ஏரியல் ஒயரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். இரைச்சல் நின்றால் அது காற்று வழியாக வருகிறது. நிற்காவிட்டால் மின்சாரம் வரும் ஒயர் வழியாக. அதற்குப் பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கடைசியாக, சட்டைப்பை அளவு வானொலி ஒன்றை நிலையம் எதுவும் கிடைக்காத இடத்தில் திருப்பி வைத்து, வண்டியைச் சுற்றி நடக்க வேண்டும். எந்த இடத்தில் அது உரக்கக் கத்துகிறதோ அங்கே குற்றவாளி இருக்கிறான். இவ்வளவுதான். ஒரு மணி நேர வேலை. இதைச் செய்யாமல் ஏரியலை மாற்றி, ஸ்பீக்கரை மாற்றி, கடைசியில் வானொலியையே மாற்றிய மேதைகளை எனக்குத் தெரியும்.

நடைமுறை மட்டும் போதாது என்பதை மாங்காட்டு வாடகைக் கார் ஒன்று எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதன் ஓட்டுநர், காமாட்சி அம்மன் கோயில் தெருவில் நுழைந்தால் மட்டும் வானொலி தாளிக்கிறது என்றார். "அது அம்மன் சக்தி சார். நீங்க இன்னா பண்ணாலும் போவாது" என்று எனக்கு ஆறுதலும் சொன்னார். திடலில் வைத்து முழு நடைமுறையையும் செய்தேன், ஒன்றுமில்லை. கடைசியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கோயில் தெருவுக்கே போனேன். கூட்டத்தில் நாலடிக்கு ஒருமுறை அவர் கால் பிரேக்கை அமுக்கியது. ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு தாளிப்பு. பின்விளக்கு பல்பின் பிடியில் துரு. சுரண்டி எடுத்ததும் சக்தி போய்விட்டது. ஓட்டுநருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்தப் பாடத்தை நான் ஒழுங்காக நினைவில் வைத்திருந்தால் அடுத்து எழுதப்போவது நடந்திருக்காது. வண்டியை அதன் சொந்தக்காரர் ஓட்டுகிற மாதிரியே ஓட்டிக் கேட்க வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். ஆனால் தொழில்நுட்பத் தலைவராகிச் சில வருடங்கள் கழித்து, அது நடக்கவே முடியாதபடி ஒரு விதியை நானே எழுதினேன்.

காரணம் ஒரு கறுப்புக் கண்ணாடி. வாடிக்கையாளர் ஒருவரின் கண்ணாடி காணாமல் போய், மூன்று நாள் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் திருடர்களாக இருந்தார்கள். நான்காம் நாள் அது அவர் மனைவியின் கைப்பையில் கிடைத்தது. தகவல் சொன்னார், மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் அவருக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. அதன் பிறகுதான் என் விதி. வண்டி உள்ளே வரும்போது, கம்பெனியிலிருந்து வண்டியோடு வராத, கையால் எடுக்கக்கூடிய பொருள் எதுவானாலும் வாயிற்காவலர் எடுத்துத் துணிப்பையில் போட வேண்டும். பட்டியல் எழுத வேண்டும். வாடிக்கையாளர் கையெழுத்துப் போட வேண்டும். பை வாசல் அறையில் இருக்கும். வண்டி வெளியே போகும்போது திரும்பத் தரப்படும். மாலையில் ஜாப் கார்டுகளோடு இந்தப் பட்டியல்களும் என் மேசைக்கு வரும். இரண்டிலும் கையெழுத்துப் போடுவேன். திருட்டுப் புகார் அதோடு நின்றது. மற்ற கிளைகளிலும் அந்த விதியைப் பின்பற்றினார்கள். எனக்குப் பெருமைதான்.

இனி தாவூத் பாயின் கார்.

பாய்க்குப் பூந்தமல்லியில் எவர்சில்வர் பாத்திரக் கடை. ஏழு பேர் உட்காரும் வண்டி வைத்திருந்தார். கிடங்குக்குப் பக்கத்தில் நிறுத்தும் பழக்கத்தால் ஒரு எலி டிக்கி வழியாக உள்ளே போய்ப் பின்பக்க ஒயர்களைக் கடித்துவிட்டது. பின்விளக்கு, பின்பக்க ஸ்பீக்கர்கள் எல்லாம் போயிற்று. அதைச் சரி செய்தவர் பரமேஸ்வரி.

பரமேஸ்வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வருவார். எங்கள் பணிமனையில் அவர் சேர்ந்தது வாட்டர் வாஷில், வண்டி கழுவ. கழுவிய வண்டிகளை மின்பிரிவில் கொண்டு வந்து விடும்போதெல்லாம் நின்று பார்ப்பார். பார்த்தே கற்றுக்கொண்டு, பிறகு சான்றிதழ் தேர்வும் எழுதி, பதினோரு வருடத்தில் மின்பிரிவின் முதல் தர டெக்னீஷியன் ஆனவர். கை சுத்தம். வாய் அவ்வளவு சுத்தம் என்று சொல்ல முடியாது. எல்லாரும் பரமு என்றுதான் கூப்பிடுவோம். எலி கடித்த பதினோரு ஒயர்களையும் ஒட்டி, உறை போட்டு, சுற்றி, பாயிடம் வண்டியைக் கொடுத்தார்.

பத்து நாளில் பாய் திரும்பி வந்தார்.

"சார், நான் காலைல வண்டில மத்திய அலை செய்தி கேக்கற ஆளு. சின்ன வயசுப் பழக்கம். இப்ப செய்தி வாசிக்கறவரு வாய்ல கொசு பூந்த மாதிரி கீது. ஙொய்ங்னு பாடுது, நிக்குது, மறுபடி பாடுது."

"எலி போயி கொசு வந்துச்சா பாய்?" என்று கேட்டுச் சிரித்தார் பரமு.

"சிரிக்காதம்மா. நீ ஒயரு ஒட்டினப்புறம்தான் வந்துச்சு."

பரமுவின் சிரிப்பு நின்றது. நடைமுறைப்படி நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். போன் சார்ஜர்? கேமரா? கூடுதல் விளக்கு?

"என்னுது பட்டன் போன் சார். ஊட்ல ஒரு தபா சார்ஜ் போட்டா நாலு நாளு. ரேடியோ பக்கம், பேனட் பக்கம் எதுவும் மாட்டல. வண்டில புதுசா ஒரு ஸ்க்ரூ கூட போடல."

பொய் சொல்கிற மனிதர் இல்லை. அவர் சொன்னதை அவர் முழுமையாக நம்பினார்.

திடலில் நிறுத்திக் கேட்டோம். வானொலி சுத்தமாகப் பாடியது. கொசு இல்லை. பரமு ஏரியலின் அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, இரைச்சல் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அதைக் காலியாக விட்டார். பாடி, நின்று, மறுபடி பாடுகிற பலகாரம் எதுவும் எங்கள் பட்டியலில் இல்லை. 'குறை காணப்படவில்லை' என்று எழுதி வண்டியைக் கொடுத்தோம்.

நாலு நாளில் வண்டி திரும்பியது. கண்டென்சரை மாற்றினோம், பேட்டரியின் பூமி இணைப்பை இறுக்கினோம். திடலில் சுத்தம். கொடுத்தோம். அடுத்த வாரம் மறுபடி வந்தது.

இந்த இடத்தில் எங்கள் பணிமனையின் இன்னொரு விதியைச் சொல்ல வேண்டும். ஒரே குறையோடு ஒரு வண்டி மூன்று முறை திரும்பினால், வேலை பார்த்த டெக்னீஷியன் தரம் இறக்கப்பட்டு ஆறு மாதம் வாட்டர் வாஷுக்குப் போக வேண்டும். பிறகு மறுபடி தேர்வு எழுதி மேலே வரலாம். அப்படிப் போனவர்களில் மேலே வந்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. வேலையை விட்டுப் போனவர்களைத் தெரியும். தாவூத் பாயின் வண்டி இரண்டு முறை திரும்பியாயிற்று.

அதனால் இந்த முறை நானே இறங்கினேன். பரமு போட்ட இணைப்புகளைப் பிரித்துப் புதிதாகப் போடுவது என்று முடிவு செய்தேன். கட்டரை எடுத்தபோது பரமு பக்கத்தில் வந்து நின்றார்.

"பதினொண்ணையும் வெட்டப் போறீங்களா சார்?"

"நடைமுறைம்மா. சந்தேகம் வந்தா பிரிச்சுப் பாக்கணும்."

"வெட்டுங்க. உள்ள பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும்."

வெட்டினேன். உள்ளே ஈயம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒன்றிலும் குறை இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. பதினொன்றையும் மறுபடி ஒட்டினேன். என் இணைப்புகள் அவருடையதைவிட ஒரு படி கீழே இருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் ஒட்டினேன். கார்டில் டெக்னீஷியன் கட்டத்தில் முன்பு போலவே பரமேஸ்வரியின் பெயர் இருந்தது. அங்கே என் பெயர் எழுத வழக்கம் இல்லை.

அடுத்த வியாழக்கிழமை பாய் நான்காவது தடவையாக உள்ளே வந்தார். மூன்றாவது ரிப்பீட்.

"சார், உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. இந்தம்மா மேலயும் கோவம் இல்ல. ஆனா கை மாத்திப் பாருங்க. வேற யார்னா பாக்கட்டும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பரமு கேட்டுக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை தரமிறக்கும் படிவம் வரதராஜன் மேசைக்குப் போனது. என்னைக் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டினார். நான்கு கார்டுகளையும் முன்னும் பின்னும் படித்தார்.

"உங்க அபிப்பிராயம் என்ன, சிவஞானம்?"

"பரமு போட்ட இணைப்புல குறை இல்ல சார். நான் வெட்டிப் பாத்தேன்."

"அந்த இரைச்சலை நீங்க கேட்டீங்களா?"

"இல்ல சார்."

"அந்தம்மா?"

"இல்ல."

"நாலு தடவை வந்த வண்டி. இரைச்சலைக் கேட்டது அதோட சொந்தக்காரர் ஒருத்தர்தான்." படிவத்தை மேசையின் ஓரத்தில் வைத்தார். "திங்கட்கிழமை பத்து மணிக்குக் கையெழுத்துப் போடுவேன். அதுக்குள்ள ஏதாவது இருந்தா கொண்டு வாங்க."

வெளியே வந்ததும் பரமு என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "திங்கக்கிழமையா?" என்றார். ஆமாம் என்றேன். "பதினோரு வருசம் முன்ன அந்த குழாயப் புடிச்சிகினு நின்னவ சார் நான். மறுபடி அதே குழாயப் புடிச்சா, இங்க எவன் மூஞ்சிலயும் முழிக்க மாட்டேன். வேலைய உட்டுடுவேன்." சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை, வழக்கம் போல 'குறை காணப்படவில்லை' என்ற கார்டோடு பாயின் வண்டி வெளியே போனது. அப்போது பரமு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, வாசலைத் தாண்டிச் சாலைத் திருப்பத்தில் நின்றிருந்தார். ஒப்படைத்த வண்டியில் எங்கள் ஆட்கள் ஏறக் கூடாது என்பதும் ஒரு விதி. அவர் கையை நீட்டினார், பாய் நிறுத்தினார், ஏறிக்கொண்டார்.

பிறகு நடந்ததைப் பரமு சொல்லிக் கேட்டேன்.

ஏறி உட்கார்ந்து வானொலியைப் போட்டதுமே கொசு பாடியது. பாடியது, நின்றது, பாடியது. "பாத்தியா, பாத்தியா" என்று பாய் ஸ்டியரிங்கை விட்டுக் கைதட்டினாராம். வானகரம் தாண்டிச் சர்வீஸ் ரோட்டில் ஓரம் கட்டச் சொன்னார் பரமு. எஞ்சினை அணைத்தார், கொசு பாடியது. ஆக, எஞ்சினும் இல்லை ஆல்டர்னேட்டரும் இல்லை. தன் பையிலிருந்து சின்ன வானொலியை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடந்தார். முன்னால் முனகியது. பின்னால் போகப் போகக் கூவியது. டிக்கியைத் திறந்தார். அங்கே சாக்கெட்டில் ஒரு கறுப்பு டப்பா சொருகியிருந்தது. சின்னப் பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"பாய், இது இன்னா?"

"எலி விரட்டிம்மா. போன தபா எலி கடிச்சுதுல்ல, அப்ப மருமகன் துபாய்லேந்து அனுப்பினாரு. அதுல ஒரு சத்தம் வருமாம். மனுசனுக்குக் கேக்காதாம். எலிக்கு மட்டும்தான் கேக்குமாம்."

"உங்க ரேடியோவுக்கும் கேக்குது பாய்."

டப்பாவைப் பிடுங்கினார். செய்தி வாசிப்பவர் தொண்டை தெளிந்துவிட்டது. பாய் சாலையோரத்தில் நின்று வாயில் கை வைத்துக்கொண்டாராம். "புதுசா எதுனா மாட்டினீங்களான்னு கேட்டோமே பாய்" என்று பரமு கேட்டதற்கு, "ரேடியோ சம்பந்தமா கேக்கறீங்கன்னு நெனச்சேன்மா. இது எலி சாமான்தானே?" என்றாராம்.

ஆக, ஒரே எலிதான். அது ஒயரைக் கடித்ததால் பரமு இணைப்புப் போட்டார். அது ஒயரைக் கடித்ததால் மருமகன் டப்பா அனுப்பினார். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தன. பழி இணைப்பின் மேல் விழுந்தது.

பேருந்து பிடித்துப் பன்னிரண்டு மணிக்குப் பணிமனைக்குத் திரும்பினார் பரமு. என்னிடம் நேராக வரவில்லை. வாசலில் ஏகாம்பரத்திடம் போனார். ஏகாம்பரம்தான் எங்கள் வாயிற்காவலர், பட்டியல் எழுதுபவர். அவரிடம் பாய் வண்டியின் பழைய பட்டியல்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். நான்கு தாள்களையும் வரிசையாக வைத்தார்.

ஏகாம்பரத்தின் கையெழுத்து. நான்கிலும் ஒரே மாதிரி: குடை 1, தஸ்பீஹ் மணி 1, துண்டு 1, கருப்பு டப்பா 1, தண்ணி பாட்டில் 2.

"ஏகாம்பரம் நைனாவுக்கு அது இன்னான்னு தெரியாது. எங்க கைக்கு இந்தச் சீட்டு வராது. கேட்ல டப்பாவப் புடுங்கி பைல போட்டுக்கினு, வண்டிய எங்க கைல குடுத்து கொசு எங்கன்னு தேடச் சொன்னீங்க. வெளிய போவசொல்ல டப்பாவ திரும்பக் குடுத்தீங்க, பாய் அங்கயே சொருகிக்கினு போயிட்டாரு." தாளின் அடிப்பகுதியில் விரலை வைத்தார். "இது யார் கையெழுத்து சார்?"

என்னுடையது. நான்கிலும். ஜாப் கார்டு நான்கிலும் என்னுடையது. அந்தக் கட்டடத்தில் இரண்டு தாள்களையும் பார்த்த ஒரே ஆள் நான்தான். நான்கு மாலைகள், ஒரு கையால் 'குறை காணப்படவில்லை' என்பதற்கும் அதே கையால் 'கருப்பு டப்பா 1' என்பதற்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அவர் எதிரிலேயே ஒரு தாளை எடுத்து அறிக்கை எழுதினேன். இரைச்சலின் காரணம்: வாடிக்கையாளர் பொருத்திய எலி விரட்டிக் கருவி. நீக்கப்பட்டது. குறை தீர்ந்தது. எல்லாம் உண்மை. ஒரு சொல் பொய் இல்லை. பரமு அதை வாங்கிப் படித்தார்.

"சரி. மூணு ரிப்பீட் யார் பேர்ல கீது?"

"அது... கார்டுல இருக்கறபடிதான்."

"கார்டுல என் பேர் கீது."

தாளை மேசையில் வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

அந்த அறிக்கை போதாது என்பது எனக்குத் தெரியும். வாடிக்கையாளரை ஒழுங்காக விசாரிக்காதது டெக்னீஷியனின் தவறு என்று விதியில் ஓர் உட்பிரிவு உண்டு. அதையும் எழுதியவன் நான்தான். அந்த அறிக்கை அப்படியே போனால் வண்டி சரியாகிவிடும், பரமு வாட்டர் வாஷுக்குப் போவார். எனக்கோ ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லை. என் விதியைப் பின்பற்றும் கிளைகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த உட்பிரிவை நான் மனத்துக்குள் நன்றாகப் பயன்படுத்திப் பார்த்தேன். வாசகர்கள் என்னை நல்லவன் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வேறு தாள் எழுதினேன். முன்பக்கத்தில் மூன்று வரி. இரைச்சலின் காரணம் எலி விரட்டி. நான்கு முறையும் சோதனைக்கு முன்பே அது வண்டியிலிருந்து அகற்றப்பட்டதன் காரணம் நான் எழுதிய விதி. பட்டியலில் இருந்தும் அது கவனிக்கப்படாததன் காரணம் நான்.

வரதராஜன் படித்தார். வழக்கம் போல ஒரு முறைக்கு இரண்டு முறை.

"கண்டுபிடிச்சது யாரு?"

"பரமேஸ்வரி."

"எப்படி? வண்டி இங்க இருக்கும்போது டப்பா இருக்காதே. அப்ப வெளியில கூடப் போயிருக்கணும். அது தப்பாச்சே. ஏன் எழுதலை?"

"எழுதியிருக்கேன் சார். பின்பக்கம்."

தாளைத் திருப்பப் போன அவர் கை நின்றது. காலிப் பக்கத்தையும் விடாமல் படிக்கிற மனிதர், அந்தத் தாளைத் திருப்பாமலே கோப்பில் வைத்தார். தரமிறக்கும் படிவத்தை எடுத்து நான்காகக் கிழித்தார்.

"மூணு ரிப்பீட் இருக்கே. யார் பேர்லயாவது போகணுமே."

"என் பேர்ல போடுங்க சார்."

"படிவத்துல உங்க பதவிக்குக் கட்டமே இல்ல. வாட்டர் வாஷுக்கு அனுப்பினா முட்டி வலின்னு லீவ் போடுவீங்க." கொஞ்சம் யோசித்தார். "விதியை மாத்தி எழுதுங்க. டெக்னீஷியன் கேட்டு முடிக்கிற வரைக்கும் வண்டியிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. பட்டியல் முதல்ல டெக்னீஷியன் கைக்குப் போகணும். அந்தப் பட்டியலை ஒரு மாசத்துக்குக் காலையில கேட்ல உக்காந்து நீங்க எழுதுங்க. ஏகாம்பரம் பக்கத்துல இருந்து சொல்லித் தருவார்."

தாவூத் பாய்க்கு ஒரு வழி சொன்னோம். வண்டி ஓடும்போது டப்பாவைப் பிடுங்கி வைத்துவிட்டு, நிறுத்தும்போது சொருகிவிடுகிறார். செய்தியும் கேட்கிறது, எலியும் வரவில்லை. எங்கள் இரைச்சல் பட்டியலில் வடை, விசில், தாளிப்புக்குக் கீழே பரமு தன் கையால் 'எலி' என்று சேர்த்தார்.

மறுநாள் காலை வாசலில் ஏகாம்பரத்தின் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் வண்டி குத்தம்பாக்கம் பக்கம் புதிய அடுக்ககத்தில் இருக்கும் ஒரு கணினிக் கம்பெனி இளைஞருடையது. எட்டிப் பார்த்து எழுதினேன்: ஒயர் 2, நாய்ப் பொம்மை 1, செருப்பு ஒரு ஜோடி. அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அழகான பட்டியல். எழுத்துப் பிழை இல்லை.

பரமு வந்து தாளை வாங்கினார். நின்றபடியே படித்தார்.

"இன்னா ஒயர் சார்?"

"ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கறுப்பு."

"கலர் கேக்கல. எதுலேந்து எதுக்குப் போற ஒயரு?"

கேட்கவில்லை என்றேன்.

"பொம்மை?"

"தலையாட்டும்."

"எதால ஆட்டும்? ஸ்பிரிங்கா, பேட்டரியா?"

ஏகாம்பரம் வேறு பக்கம் பார்த்தார். பரமு தாளை என் முன்னால் வைத்தார். "கேட்டு எழுதிக் குடுங்க சார். அப்புறம்தான் நான் வண்டியத் தொடுவேன்."

அந்த இளைஞர் அதற்குள் சாலையைக் கடந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டிருந்தார். பேனாவையும் தாளையும் எடுத்துக்கொண்டு, "தம்பி, ஒரு நிமிஷம்" என்று அவர் பின்னால் ஓடினேன்.